நிக்கோபாருக்குப் பதில் ஹரியானா

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் பறவைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். குடியிருப்பது துவாரகாவில், வேலை குருகிராமில். ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். நார்கொண்டம் இருவாச்சியையும் நிக்கோபார் புறாவையும் எப்படியாவது பார்த்துவிட ஆசை. எங்கே போனால் பார்க்கலாம்? 400 எம்.எம். லென்ஸ் போதுமா? டெல்லியில் புறாவையும் பருந்தையும் விட்டால் வேறொன்றும் இல்லை, அலுத்துவிட்டது.

இன்னொன்று. கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்டுகிற அரசுத் திட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒப்பாரி வைக்கிறார்கள். வெட்டுகிற காட்டுக்கு ஈடாக ஹரியானாவில் அதைவிடப் பெரிய பரப்பில் மரம் நடப்போகிறார்களே, கணக்கு நேராகிவிடுகிறது அல்லவா? நாட்டின் பாதுகாப்பும் முக்கியம்தானே?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

லென்ஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் இருப்பது ஒரு பழைய பைனாகுலர், அதுவும் ஒரு கண்ணுக்குத்தான் சரியாகத் தெரியும். நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேச இந்த ஊரில் ஆளுக்கா பஞ்சம்? ராத்திரி ஒன்பது மணிக்கு டி.வி.யைப் போடுங்கள்.

நார்கொண்டத்துக்கு நீங்கள் போக முடியாது. அது சரணாலயம், சுற்றுலாப் படகுக்கு அங்கே வேலையில்லை. 7 சதுர கிலோமீட்டர்கூட வராத எரிமலைத் தீவு. ஒரு போலீஸ் சாவடியைத் தவிர மனித வாடை கிடையாது. 1873இல் பறவை ஆய்வாளர் ஹியூம் உலகத்துக்குச் சொன்ன அந்த இருவாச்சி இந்தப் பூமியில் வேறெங்கும் இல்லை. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண் முழுக்கக் கறுப்பு, இரண்டுக்கும் வால் வெள்ளை. அங்கே காவலுக்குப் போனவர்கள் கறிக்காகக் கொண்டுபோன ஆடுகள் பெருகி, காட்டின் இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தள்ளின. பிறகுதான் ஒருவழியாக அவற்றை அப்புறப்படுத்தினார்கள். ரேடார் நிலையம் வேண்டும் என்று கேட்டதற்குச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012இல் முடியாது என்றது, 2014இல் சரி என்றது. பறவை அப்படியேதான் இருந்தது, அமைச்சர்தான் மாறியிருந்தார். நீங்கள் போர்ட் பிளேருக்குத் தெற்கே சிடியா டாப்பு போங்கள். விடியுமுன் போங்கள், பிள்ளைகள் தூங்கினால் தூக்கிக்கொண்டு போங்கள். அந்தமானுக்கே உரிய கறுப்பு மரங்கொத்தி அங்கே இருக்கிறது, பெரிய பறவை, சத்தம்போட்டே காட்டிக்கொடுத்துவிடும். நிக்கோபார் புறாவை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள்.

ஆனால் டெல்லியில் ஒன்றும் இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? லோதி தோட்டத்துக்கு ஏப்ரலில் போயிருக்கிறீர்களா? சாம்பல் இருவாச்சி அங்கே உங்கள் தலைக்கு மேலேயே பறக்கும். பெண் மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைத் தன் எச்சத்தால் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். ஆண் வந்து மரத்தில் தொற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக எக்கி எடுத்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். கீழே பெஞ்சில் காதலர்கள் மொபைலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதை விட்டுவிட்டு ஃபிளைட் டிக்கெட் போட்டுக்கொண்டு கிளம்புகிறீர்கள். போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்கள் கடைசிப் பத்தி இல்லாவிட்டால் இந்தப் பதிலே இல்லை. அதைத்தான் கொஞ்ச நாளாக மனசுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளில் ஆபீஸ் வேலையாகக் கேம்ப்பெல் பே போயிருந்தேன். கிரேட் நிக்கோபாரில் அரசாங்கம் முன்னாள் ராணுவத்தினரைக் குடியேற்றிய ஊர் அது. பஞ்சாபிகள்தான் அதிகம், நம்மவர்களும் உண்டு. ராமநாதபுரத்துப் பெரியவர் ஒருவர், தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கடலோரக் காட்டுக்குள் கூட்டிப்போனார். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடு. மணலும் பவளத் துண்டும் அழுகின இலையும் கலந்து குவித்திருந்தது. ஒரு சுற்று வரப் பதினைந்து அடியாவது வைக்க வேண்டும். "கையை உள்ள விடுங்க தம்பி" என்றார். பாம்பு இருக்குமோ என்று யோசித்தேன். "மெட்ராஸ்காரன் மாதிரி பயப்படாதீங்க" என்றார். விட்டேன். பவளத் துண்டு நகக்கண்ணில் குத்தியது. மணிக்கட்டுவரை ஈரம்தான். முழங்கை இறங்கியதும் வெதுவெதுவென்று சூடு. வெளியே எடுத்தபோது வாட்ச் கண்ணாடி ஆவி பிடித்திருந்தது.

அது நிக்கோபார் மெகாபோடு கட்டிய மேடு. கோழி அளவு, பழுப்பு உடம்பு, சிவந்த முகம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால்கள். அது அடைகாப்பதில்லை. மேட்டுக்குள் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிடும், மக்கும் இலையின் சூடுதான் மிச்ச வேலையைப் பார்க்கிறது. ஆணும் பெண்ணும் நாள்தோறும் வந்து கிளறும், இலை சேர்க்கும். இரண்டு மாதத்துக்கு மேல் கழித்துக் குஞ்சு தானே ஓட்டை உடைத்து, தானே மண்ணைக் கிளறி மேலே வந்து, காட்டுக்குள் ஓடிவிடும். தாய் தகப்பன் யாரென்று அதற்குத் தெரியாது. "முன்னெல்லாம் எடுத்துத் தின்னிருக்கோம், ஒரு முட்டையில ஒரு வீட்டுக்கே ஆம்லெட்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எடுப்பது குற்றம் என்று அவருக்குத் தெரியும்.

2004 சுனாமி அந்தக் கரையோரத்தைத்தான் முதலில் வாரிக்கொண்டு போனது. 2006இல் எண்ணிப் பார்த்தபோது முட்டையிடும் ஜோடிகளில் பாதிகூட மிஞ்சவில்லை. பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்த இடத்தில்தான் இப்போது துறைமுகம் வருகிறது. 2021 ஜனவரியில் துறைமுகம் வரும் கலாத்தியா விரிகுடாவில் இருந்த சரணாலயத்தின் அறிவிக்கையையே ரத்து செய்தார்கள். மொத்தம் 130 சதுர கிலோமீட்டர் காடு திட்டத்துக்குப் போகிறது. மெகாபோடுக்கு ஆறுதலாக மென்சால் என்ற தீவைச் சரணாலயமாக்கியிருக்கிறார்கள். ஒன்றரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத தீவு.

மரக்கணக்குக்கு ஹரியானா! கார்த்திக், உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி என்றால் எதிர்வீட்டு மாமிக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பீர்களா? நிக்கோபாரில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. குருகிராமில் அதில் கால்வாசிகூடக் கிடையாது. ஆண்டு முழுக்க விழுகிற ஈர இலை, கடல் மணல், நிழல் எல்லாம் சேர்ந்தால்தான் அந்த மேட்டுக்குச் சூடு வரும். உங்கள் ஆபீஸ் வாசலில் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் ஒரு மெகாபோடு வந்து இலை கிளறப் போவதில்லை. பரப்பளவு இரண்டு மடங்காம், நாலு மடங்காக நடட்டுமே!

இதைச் சொன்னால் நான் ஹரியானாவின் ஆரவல்லி மலைத்தொடரை மட்டம் தட்டுகிறேன் என்று யாராவது கிளம்புவார்கள். மட்டம் தட்டுகிறவர்கள் அதை வெற்றுத் தரிசு என்று நினைத்து மரம் நடக் கிளம்புகிறவர்கள்தான். முள்ளும் பாறையும் புல்லும் கலந்த அந்த நிலத்தில் கௌதாரி உண்டு, மயில் உண்டு. உங்கள் ஆபீஸிலிருந்து ஃபரிதாபாத் சாலையில் போனால் மாங்கர் பனி என்ற காடு வரும். சாமியாரின் பெயரைச் சொல்லி அந்த ஊர் குஜ்ஜர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடாலி படாமல் காப்பாற்றிய, தௌ என்ற மரங்கள் நிறைந்த காடு. அதை யாரும் நட்டு வளர்க்கவில்லை. அதை அப்படியே விட்டு வைத்தாலே போதும், அதற்கு நிக்கோபாரை வெட்டவும் வேண்டாம்.

அந்தமான் போவதற்குள் ஒரு சனிக்கிழமை அங்கே போய்விட்டு வாருங்கள். மாற்றுக்காடு என்று போர்டு வைத்திருக்கும் இடம் ஏதாவது வழியில் இருந்தால் வண்டியை நிறுத்தி, என்ன மரம் நட்டிருக்கிறார்கள், எத்தனை உயிரோடு நிற்கிறது, எந்தப் பறவை வந்து உட்கார்ந்தது என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். கணக்கைப் பிறகு பேசுவோம்.