பெரிய டீச்சரின் கால அட்டவணை

அன்புள்ள ஐயா,

ஆசிரியர்களின் சலிப்பைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. வேதியியல் முதுகலை ஆசிரியையாக இருந்து, பதவி உயர்வுக் கலந்தாய்வில் போன வருடம் இந்தப் பள்ளிக்கு வந்தேன். ஓய்வுபெற இன்னும் மூன்றரை வருடம் இருக்கிறது.

தினமும் வாட்ஸ்அப்பில் மூன்று நான்கு சுற்றறிக்கைகள் வருகின்றன. ஆறு முதல் ஒன்பது வரை உள்ள பிள்ளைகளில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வராதவர்களுக்கு இந்த வருடம் 'திறன்' என்ற சிறப்பு வகுப்பு வந்திருக்கிறது. எங்கள் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இருந்தது. ஆசிரியர் கூட்டத்தில் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். முடித்ததும் மூத்த ஆசிரியர் ஒருவர், "இந்த மாதிரி எத்தனையோ பாத்தாச்சு மேடம், இதுவும் ரெண்டு வருஷம்" என்றார். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு ரத்தாகிவிட்டதால், அரையாண்டோடு பிளஸ் ஒன் பாடத்தை முடித்துக்கொண்டு ஜனவரியில் பிளஸ் டூ தொடங்கலாம் என்கிறார்கள் சில முதுகலை ஆசிரியர்கள். பெற்றோரும் அதையே கேட்கிறார்கள். தேர்ச்சி விகிதம் குறைந்தால் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டியவள் நான். அலுவலக வேலையே நாளைத் தின்றுவிடுகிறது. எதைப் பிடிப்பது, எதை விடுவது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

நான் தலைமையாசிரியராக இருந்ததில்லை. இருபத்தெட்டு வருடம் கணக்கு ஆசிரியராக இருந்தேன், ஐந்து தலைமையாசிரியர்களைப் பார்த்தேன். ஸ்டாஃப் ரூம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவனாகத்தான் இதை எழுத முடியும்.

முதலில் அந்த மூத்த ஆசிரியர். தயவுசெய்து அவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவர் எதையெல்லாம் பார்த்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். 2007 வாக்கில் படைப்பாற்றல் கல்வி. 2010இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளுக்கும் 2011இல் மற்ற வகுப்புகளுக்கும் சமச்சீர் கல்வி. 2012இல் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும், அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கும். 2018 மார்ச்சில் முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, அந்த ஜூனிலேயே புதிய பாடப்புத்தகங்கள். அப்புறம் கொரோனா, கல்வித் தொலைக்காட்சி, மூடித் திறந்து மூடிய பள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சி, ஒரு பதிவேடு. நின்றுபோனபோது மட்டும் ஏன் நின்றது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் "ரெண்டு வருஷம்" என்கிறார். கணக்குப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று கேளுங்கள்: "இத்தனையில், யாரும் கேட்காதபோதும் நீங்கள் விடாமல் செய்துவந்தது எது?" அநேகமாக எல்லா ஆசிரியரிடமும் அப்படி ஒன்று இருக்கும். படைப்பாற்றல் கல்வியில் வந்த மன வரைபடத்தை நான் ஓய்வுபெறும் நாள்வரை விடவில்லை. வடிவியல் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் நோட்டை மூடிவைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் அந்தப் பாடத்தை வரைவார்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். திட்டம் போய்விட்டது, அந்தத் தாள் நின்றது. அவரிடம் என்ன நின்றிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, திறன் வகுப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

2011இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆட்சி மாறி, சமச்சீர் புத்தகமா பழைய புத்தகமா என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. பள்ளிகள் ஜூன் 15ஆம் தேதி திறந்தன. ஜூலை 18ஆம் தேதி உயர் நீதிமன்றமும், ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் சமச்சீர் கல்வியை நடத்தத்தான் வேண்டும் என்று சொன்னபிறகே புத்தகம் வந்தது. இரண்டு மாதம் பெரும்பாலான வகுப்புகளில் பிள்ளைகள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பள்ளி திறந்த இரண்டாம் நாள் எங்கள் எச்.எம். சார் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். சுவரில் ஆணியில் தொங்கிய பெரிய அட்டையை, அதாவது அந்த வருடக் கால அட்டவணையை, கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "இது புத்தகத்துக்குப் போட்டது. இப்ப புத்தகம் இல்ல. வேற போடுவோம்" என்றார். ஆறு முதல் ஒன்பது வரை தினமும் முதல் இரண்டு பீரியட் வாசிப்பும் அடிப்படைக் கணக்கும். எந்த வகுப்பு என்று பார்க்காமல், யாருக்கு எவ்வளவு படிக்க வருகிறது என்று பார்த்துக் குழு பிரித்தோம். சுத்தமாகப் படிக்க வராதவர்கள் இருபத்துமூன்று பேர். "அந்தக் குழு எனக்கு" என்று தன் பெயரை எழுதிக்கொண்டார்.

அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம். அதன் கீழே தினத்தந்தியை விரித்துவைத்து, தலைப்புகளில் உள்ள பெரிய எழுத்துகளை வெட்டச் சொல்வார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், மீசை அரும்பியவன், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்பட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கத்தரிக்கோலை அவனிடம் கொடுத்து, வெட்டுவது முழுக்க அவன் பொறுப்பு என்றார். வெட்டியதை என்ன எழுத்து என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும். தெரியாத எழுத்து வந்தால் சாரிடம் குனிந்து மெதுவாகக் கேட்டுக்கொள்வான். எழுத்தர் கோப்புகளோடு வந்து நிற்பார். "பதினோரு மணிக்கு மேல" என்பார் சார், தலையைத் தூக்காமல்.

அவர் எங்களுக்கு அரை மணி நேரம் பேசவில்லை, ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. ஆனால் எச்.எம். அந்தக் குழுவை எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் எப்படிச் சும்மா இருப்பது? இரண்டாம் வாரம், அதற்கு அடுத்த குழுவை எனக்குக் கொடுங்கள் என்று நானே போய்க் கேட்டேன். புத்தகம் வந்தபிறகும் டிசம்பர்வரை அந்தக் குழுவுக்கு தினம் ஒரு பீரியட் விடாமல் வைத்திருந்தார். எல்லோரும் படித்துவிடவில்லை. ஒன்பது பேர் கடைசிவரை எழுத்துக்கூட்டித்தான் படித்தார்கள். கத்தரிக்கோல் பையன் தேறிவிட்டான்.

அடுத்த வருடம் நான் வேறு பள்ளிக்குப் போனேன். தொடர் மதிப்பீடு வந்திருந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும், 40 மதிப்பெண்; தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவ இறுதித் தேர்வுக்கு, 60. நல்ல யோசனைதான், பிள்ளைகள் செய்துபார்த்துக் கற்பதற்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் அங்கிருந்த தலைமையாசிரியர் கேட்டது பதிவேட்டை மட்டும். கடையில் சார்ட் வாங்கி அம்மாக்கள் ஒட்டிக்கொடுத்தார்கள். பார்வைக்கு அதிகாரி வரும் நாளுக்கு முந்தின மாலை நாங்கள் வரிசையாக உட்கார்ந்து 38, 39 என்று நிரப்பினோம். நானும் நிரப்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

எங்கள் எச்.எம். சார் மாற்றியது கால அட்டவணை ஒன்றைத்தான். ஒரு தலைமையாசிரியரால் ஆசிரியரை மாற்ற முடியாது, காலிப் பணியிடத்தை நிரப்ப முடியாது, நிதியும் கையில் கிடையாது. யார் எந்த வகுப்புக்கு எந்த மணிக்குப் போகிறார் என்பது மட்டும் முழுக்க அவர் கையில் இருக்கிறது. நம் பள்ளிகளில் வழக்கம் என்னவென்று உங்களுக்கே தெரியும். திறமையானவர்களைப் பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் பீரியட்டை ஆறாம் வகுப்புக்குத் தள்ளுவோம். உங்கள் பள்ளியில் திறன் வகுப்பு எந்த பீரியட்டில் இருக்கிறது? சாப்பாட்டுக்குப் பிறகு கடைசி பீரியட் என்றால், அதற்கு என்ன மதிப்பு என்று ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். அதைக் காலைக்குக் கொண்டுவாருங்கள். மிகவும் பின்தங்கிய குழுவை நீங்கள் எடுங்கள், வாரத்தில் மூன்று நாளாவது. வேதியியல் படித்தவர் தமிழ் எழுத்துச் சொல்லித்தரலாமா என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்த நேரத்தில் வரும் சுற்றறிக்கைக்குப் பதினோரு மணிக்கு மேல் பதில் போனால் போதும். உடனே கேட்கும் புள்ளிவிவரம் இருந்தால் அனுப்பித்தான் ஆகவேண்டும், சரி. ஆனால் அதற்காக வகுப்பில் இருக்கும் ஆசிரியரைக் கூப்பிடாதீர்கள்.

பிளஸ் ஒன் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. 2018க்கு முன்னால் எத்தனையோ பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. அதைத் தடுக்கத்தான் அந்தப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது போய்விட்டது. பிள்ளைகளின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் பிளஸ் ஒன் நடக்குமா நடக்காதா என்பது இப்போது தலைமையாசிரியர் முடிவு.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. பிளஸ் டூவில் வருவது அவற்றின் பயன்பாடு. அரையாண்டோடு நிறுத்தினால் வெட்டுப்படுவது இந்தப் பாடங்கள்தான். வகையிடல் தெரியாத பிள்ளைக்கு அதன் பயன்பாட்டை ஒரு வருடத்துக்கு மேல் நடத்தினாலும் மனப்பாடம்தான் மிஞ்சும். பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நீட் தேர்வுக்கு இரண்டு வருடப் பாடமும் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், அது அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

ஆசிரியர்களுக்கு ஒரே ஒரு ஏற்பாடு. பிளஸ் ஒன் எடுப்பவரே அடுத்த வருடம் அதே பிள்ளைகளோடு பிளஸ் டூவுக்குப் போகட்டும். பல பள்ளிகளில் ஒருவர் பிளஸ் ஒன்னுக்கும் இன்னொருவர் பிளஸ் டூவுக்கும் நிரந்தரமாக இருப்பார்கள், பழி ஒருவர்மேல் ஒருவர் போய்க்கொண்டிருக்கும். ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான் என்றால் இந்தப் பேச்சே இல்லை. ஆண்டுத் தேர்வில் இரண்டாம் தொகுதியிலிருந்து பாதிக் கேள்வியாவது வரவேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

தேர்ச்சி விகிதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் எச்.எம். சாரையும் அந்த வருடம் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள். பத்தாம் வகுப்பு இரண்டு சதவீதம் குறைந்திருந்தது. அவர் அந்த இருபத்துமூன்று பேரின் பெயரும் ஜூனில் எப்படிப் படித்தார்கள், டிசம்பரில் எப்படிப் படித்தார்கள் என்ற குறிப்பும் உள்ள நோட்டை எடுத்துப் போயிருந்தார். வாங்கிப் பார்த்தார்களா என்று கேட்டேன். "புரட்டினாங்க" என்றார், அவ்வளவுதான். நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள்.

மூன்றரை வருடம் குறைவு என்று உங்களுக்குத் தோன்றலாம். இப்போது ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் நீங்கள் ஓய்வுபெறும்போது ஒன்பதாம் வகுப்பை முடித்திருப்பார்கள். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு புதிய அட்டவணை போட்டால் அதை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆறாம் வகுப்புக்கு நேரே, முதல் பீரியட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்