தாத்தாவின் மகுடம்

மேடம், வயது 25. எம்.ஏ. மானிடவியல் முடித்துவிட்டு அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறேன். டிசம்பரில் கடைசி தேதி. தாத்தா திருநெல்வேலிப் பக்கம் கோயில்களில் நடக்கும் கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல்கருவியை அடிப்பவர். சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் நடுராத்திரி தோலைத் தீயில் வாட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி வாட்டுவார். ஆனால் கல்லூரி விடுதியில் யார் கேட்டாலும் “தாத்தா விவசாயம்” என்றே சொல்லிவந்தேன். போன மாதம் ஓர் ஆசிரியரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். “அதை அப்படியே எழுது, சீட் நிச்சயம்” என்கிறார். எழுதினால் தாத்தாவை விற்பதுபோல் இருக்கிறது. எழுதாவிட்டால் இன்னொரு தடவை மறைக்கிறேன். ராத்திரி 2 மணிக்கு ஒரு பத்தி எழுதுகிறேன், விடிவதற்குள் அழித்துவிடுகிறேன்.

— பெயர் வேண்டாம்

தம்பி, விடுதியில் சொன்ன பொய்யும் இந்த விண்ணப்பமும் உங்கள் மனதில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. “தாத்தா என்ன வேலை?” என்பதற்கு அடுத்து “அப்போ நீங்க என்ன ஆளுங்க?” என்று வரும் எனத் தெரிந்து, புது இடத்தில் ஒரு பையன் சொன்ன பொய் அது. அதற்குப் பரிகாரம் செய்ய ஏதோ ஒரு நாட்டுத் தேர்வுக் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டுமா, என்ன?

உங்கள் ஆசிரியர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் சீட் நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. துறைக்குச் சிலரைத்தான் எடுப்பார்கள். உங்களிடம் என்ன ஆய்வுக் கேள்வி இருக்கிறது, அதற்கு வழிகாட்டக்கூடிய பேராசிரியர் அங்கே இருக்கிறாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். சொந்தக் கதைக்கென்றே பல பல்கலைக்கழகங்கள் தனிக் கட்டுரை கேட்கின்றன. ஆய்வு நோக்கம் பற்றிய கட்டுரையில் தாத்தாவுக்கு ஒரு வரி போதும்.

எனக்கு அந்த ஆய்வுக் கேள்வி உங்கள் பொய்க்குள்ளேயே இருப்பதாகப் படுகிறது. ராத்திரி சாமியை ஆடவைக்கிற கைக்கு, கொடை முடிந்த மறுநாள் ஊரில் என்ன மரியாதை? இதை நீங்கள் கண்ணீர்க் கதையாக எழுத வேண்டாம். ஆராய வேண்டிய விஷயமாகவே எழுதலாம், விற்கிற உணர்வும் குறையும்.

தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள். 2 வாரத்தில் சரியாகவில்லை என்றால் நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. ஒருவரைப் பற்றி எழுதுமுன் அவர் சம்மதத்தைக் கேட்பது உங்கள் துறையின் பாலபாடம். கடிதத்தில் ஆசிரியர் சொன்னது இருக்கிறது, விடுதி நண்பர்கள் இருக்கிறார்கள். தாத்தா என்ன சொன்னார் என்பது இல்லை. ஊருக்குப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்பாரோ என்னவோ. உரத்த சுருதி உச்ச மகுடத்தையும் தாழ்ந்த சுருதி மந்த மகுடத்தையும் மாற்றி எழுதித் தொலைக்காதே என்றும் சொல்லலாம்.