43 வயதில் மூன்று மாத கீபோர்டு வகுப்பில் சேரலாமா?

கேட்டவருக்கு 43 வயது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இசைக்கூடம் ஆண்டுவிழாவை முடித்த கையோடு ஜூன் மாத வகுப்புகளுக்கு நோட்டீஸ் அடித்திருக்கிறதாம். அதில் 'பெரியவர்களுக்கு மூன்றே மாதத்தில் கீபோர்டு' என்று ஒரு வரி. சேரலாமா, காசு வீணாகுமா என்பது கேள்வி.

நீங்கள் அந்த நோட்டீஸை இரண்டு மூன்று நாளாக சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறீர்கள், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் திரிந்தேன். எனக்கு 49 வயது, திருச்சியில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு பார்க்கிறேன். ஒன்றரை வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன். 'கற்றுக்கொள்கிறேன்' என்று எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இருக்கட்டும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எந்த இசைக்கூடத்துக்கும் விளம்பரம் இல்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை, கமெண்டில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

நான் அங்கே போனது எனக்காக இல்லை. என் மகளை வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்த்திருந்தேன். வாரத்தில் இரண்டு நாள், மாலை ஆறு மணி. மாடியில் வகுப்பு, கீழே தையல் கடை. படிக்கட்டில் அப்பா அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் மிருதங்க வாத்தியார் படியில் இறங்கும்போது என் முழங்காலைப் பார்த்து நின்றுவிட்டார். உள்ளே குழந்தைகள் பாடுவதற்கு ஏற்ப நான் என்னை அறியாமல் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். "சார், தட்டுறதுன்னா உள்ள வந்து தட்டுங்க. இங்க தப்பாத் தட்டுறீங்க, எனக்குக் காது வலிக்குது" என்றார். அந்த 'தப்பா' என்ற சொல்தான் என்னை உள்ளே இழுத்துப் போட்டது.

உள்ளே போன பிறகு ஒரு மாதம் மிருதங்கத்தைத் தொடவே விடவில்லை. ஆதி தாளம் மட்டும். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கை, அவ்வளவுதான். இதற்கு ஒரு மாதமா என்று கேட்பீர்கள். நீங்களே இப்போது போட்டுக்கொண்டு மனைவியிடம் பால் கணக்குப் பேசிப் பாருங்கள், தெரியும்.

அப்புறம்தான் தா, தீ, தொம், நம் என்ற முதல் அடிகள். வலது கை அடிக்கும் பக்கம் வலந்தலை, இடது கை அடிக்கும் பக்கம் தொப்பி. தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்ப வேண்டும், அப்போதுதான் அந்த 'கும்' வரும். வாசித்து முடித்ததும் ரவையைச் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். முதல் நாளே வாத்தியார் சொன்னார். நான் மூன்றாவது மாதம் ஒரு ராத்திரி மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் எலி ரவையோடு தோலையும் சேர்த்துத் தின்றிருந்தது. மிருதங்கத்துக்குத் தோல் மாற்றித்தரும் மூட்டு அடிப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மிருதங்கத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். "புதுசா?" என்று ஒரே கேள்வி.

சரி, இப்போது ஆண்டுவிழாவுக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

போன மார்ச்சில் எங்கள் இசைக்கூடத்தின் ஆண்டுவிழா. சின்னக் கல்யாண மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி, சுண்டல். ஆரம்பநிலைப் பிள்ளைகள் பதினோரு பேர் முதல் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாட வேண்டும். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடும் வேலை எனக்கு. மிருதங்கம் வாசிக்கும் அளவுக்கு நான் வரவில்லை என்பதை வாத்தியார் இப்படி மரியாதையாகச் சொன்னார். முதல் காலம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் காலமும் போனது. மூன்றாம் காலத்தில் ஸ்வரங்கள் நான்கு மடங்கு வேகத்தில் ஓடும், ஆனால் தாளம் ஆரம்பித்த வேகத்திலேயே நிற்க வேண்டும். மூன்று காலம் என்பதன் சூட்சுமமே அதுதான், கையின் வேகம் மாறாமல் நிற்க வாய் மட்டும் ஓட வேண்டும். என் கை நிற்கவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து அதுவும் ஓடியது. பாதிப் பேர் என் கையைப் பார்த்து இன்னும் வேகம் எடுத்தார்கள், மீதிப் பேர் மனசில் இருந்த தாளத்தில் நின்றார்கள். பதினோரு பேரும் பதினோரு ஊருக்குப் போய்விட்டார்கள். என் பக்கத்தில் இருந்த எட்டு வயசுப் பெண் பாடுவதை நிறுத்திவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துத் தொடையில் மெதுவாக அடித்தாள். "மாமா, இப்படி." மைக்கில் கேட்டது.

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் என் மச்சான் அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'மிருதங்க சக்கரவர்த்தி' என்று போட்டார் பாருங்கள், அது வேறு ரகம். இந்த மச்சான் காலை ஐந்தரை மணிக்கு ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் போடுபவர். எலுமிச்சம்பழத்தைச் சுடுதண்ணீரில் பிழிந்தால் தீராத வியாதி இல்லை என்று நம்புபவர். அவர் வாழ்நாளில் எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை, அந்த ஃபார்வர்டு பட்டனைத் தவிர. சரி, விடுங்கள். அவரும் இந்தத் தளத்தில் இருக்கிறார் என்று கேள்வி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று மாதத்தில் கீபோர்டு வருமா? வராது. வகுப்பு நடத்துபவர்களுக்கும் அது தெரியும். வாரம் இரண்டு வகுப்பு என்றால் மூன்று மாதத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் தேறும், அதில் பண்டிகை, காய்ச்சல், கடை ஸ்டாக் எடுக்கும் நாள் எல்லாம் கழியும். இருபது மணி நேரத்தில் வலது கையில் ஒரு சின்ன மெட்டு, இடது கையில் மூன்று நான்கு கார்டு, அதாவது சில கட்டைகளைச் சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கூட்டு. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை, நோட்டீஸ் என்றால் அப்படித்தான் எழுதுவார்கள். எங்கள் கடையிலும் 'வழுக்கவே வழுக்காத டைல்ஸ்' என்றுதான் போர்டு.

கர்நாடக சங்கீதத்துக்காகக் கீபோர்டு என்றால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள். கமகம் என்பது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, அசைவது. கீபோர்டில் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக நிற்கும். ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் சக்கரத்தைத் திருப்பி அருமையாக வாசிக்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களின் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது 43 வயதில் ஆரம்பிப்பவருக்கு. சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டும், அல்லது லண்டன் டிரினிட்டி கிரேடு தேர்வு எழுத வேண்டும் என்றால் கீபோர்டு சரியான இடம். அந்தத் தேர்வு இனிஷியல் என்ற ஆரம்பப் படியில் தொடங்கி எட்டாம் கிரேடு வரை போகும், வயது வரம்பு கிடையாது. வாங்குவதானால் 61 கட்டை உள்ளதாக, அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைவதாக வாங்குங்கள். அதையும் முதல் மாதம் முடியும் முன் வாங்காதீர்கள். கூடத்தில் இருப்பதில் பழகுங்கள். பிள்ளைக்கு வாங்கிய 32 கட்டை பொம்மை பீரோவுக்கு மேல் இருக்குமே, அது அங்கேயே இருக்கட்டும்.

அரசு இசைப்பள்ளியில் சேரலாமே, காசும் மிச்சம் என்று யாராவது கமெண்டில் எழுதுவார்கள். அருமையான இடங்கள்தான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வாய்ப்பாட்டு, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் எல்லாம் மூன்று வருடம் சொல்லித்தருகிறார்கள். ஆனால் சேரும் வயது 12 முதல் 25 வரை. நமக்கு அந்தக் கதவு எப்போதோ சாத்தியாகிவிட்டது. பகலில் வேலைக்குப் போகிறவன், நரை விழுந்தவன், தாளம் தெரியாதவன் போய் உட்கார மாடிப்படிக்கு மேல் இருக்கும் இந்த மாதிரிக் கூடங்கள்தான் இருக்கின்றன.

என் மகளுடைய பள்ளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் 'இசை' என்று அச்சடித்திருக்கிறார்கள். வருடத்துக்கு அதற்கென்று தனியாகப் பணமும் வாங்குகிறார்கள். மூன்று வருடத்தில் அந்த பீரியடில் அவள் பாடியது சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் மட்டும். மற்ற எல்லா வெள்ளியும் கணக்கு டீச்சர் வந்துவிடுவார், போர்ஷன் முடியவில்லையாம். போய்க் கேட்டேன். "சார், இசை மார்க்குல வராதுங்களே" என்றார்கள். அப்படியானால் பணம் மட்டும் எந்த மார்க்கில் வருகிறது? கேட்டேன். பதில் இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள்.

கூடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் போய்ப் பார்க்கும்போது கவனிக்க உதவும். எங்கள் கூடத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் சத்தம் தாங்கவில்லை என்று போலீஸ் வரைக்கும் போய்விட்டார். உடனே எல்லாரும் சேர்ந்து ஹோட்டல்களில் கெஞ்சி முட்டை அட்டை வாங்கி வந்து சுவர் முழுக்க ஒட்டினோம். இருநூறுக்கு மேல் இருக்கும். பார்க்க ஸ்டுடியோ மாதிரியே இருந்தது, பெரியவர் மறுநாளும் வந்தார். மைக் செட் வைத்திருக்கும் ஒரு மாணவியின் அப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். முட்டை அட்டை உள்ளே அடிக்கும் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். சத்தம் வெளியே போவதை அது தடுக்காது. தடுக்க வேண்டுமென்றால் சுவர் கனமாக இருக்க வேண்டும், காற்று போகும் இடுக்கு இருக்கக் கூடாது. சத்தம் போனது வென்டிலேட்டர் வழியாக, கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்து வழியாக. வென்டிலேட்டரைச் செங்கல் வைத்துப் பூசி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினார்கள். பாட்டுச் சத்தம் நன்றாகவே குறைந்தது. தொப்பியின் 'கும்' மட்டும் இன்னும் போகிறது, தாழ்ந்த ஒலியை நிறுத்துவது அவ்வளவு சுலபம் இல்லையாம். பெரியவர் அதோடு சமாதானம் ஆகிவிட்டார். ஆனால் காற்று வராத அறையில் திருச்சி மே மாதம் எப்படி இருக்கும்? ஏசி போட்டார்கள், மாதக் கட்டணம் 700 ரூபாய் 800 ஆனது. நோட்டீஸில் கட்டணம் கூடியிருந்தால் கொள்ளை என்று உடனே முடிவுகட்டாமல் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் கூடத்திலும் ஜூன் நோட்டீஸ் வந்துவிட்டது. கிட்டார் இல்லை, வாத்தியார் சென்னைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை பறை, அதை அறைக்குள் வைக்க முடியாது என்பதால் மைதானத்தில். ஞாயிறு காலை ஓர் ஓதுவார் வந்து தேவாரம் சொல்லித்தரப் போகிறார். போன வாரம் மாதிரி வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். இந்தளம் என்ற பண்ணில், அதாவது பழந்தமிழ் ராகத்தில், ஒரு பதிகம் பாடினார். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று விழித்துக்கொண்டிருந்தபோது, அதை இன்று மாயாமாளவகௌளை ராகத்தில்தான் பாடுகிறோம் என்றார். அட, எங்கள் பதினோரு பிள்ளைகள் மேடையில் சிதறடித்த சரளி வரிசையும் அதே ராகம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆண்டுவிழா வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆறு மாதம் ஒரே பாட்டை அடித்து அடித்துக் கொண்டுவந்திருப்பார்கள். சாதாரண ஒரு புதன்கிழமை மாலை போய் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். வாத்தியார் தப்புச் செய்யும் பிள்ளையிடம் என்ன சொல்கிறார் என்று மட்டும் பாருங்கள். உட்கார விடமாட்டோம் என்றால் வேறு இடம் பாருங்கள். முழுக் கோர்ஸ் பணத்தையும் முதலிலேயே கட்டினால்தான் என்றாலும் அப்படியே. பெரியவர்களுக்குத் தனி வகுப்பா, பிள்ளைகளோடு சேர்த்தா என்றும் கேளுங்கள். சேர்த்து என்றால் பயப்படாதீர்கள். பிள்ளைகள் நம் தப்பைத் திருத்திவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

பெரியவர்களுக்கு விரல் வளையாது, மூளையில் ஏறாது என்று எழுதப் போகிறவர்களுக்கு: உண்மைதான், பிள்ளைகள் வேகமாகக் கற்கிறார்கள். நான் யாரோடும் போட்டிக்கு வரவில்லை.

எங்கள் கூடத்து ஜூன் நோட்டீஸில் கடைசி வரி கொன்னக்கோல். வாத்தியமே வேண்டாம், வாயால் ஜதி சொன்னால் போதும், எலி பயமும் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணி வகுப்பு. பெயர் கொடுத்துவிட்டேன். மச்சானுக்கு இன்னும் தெரியாது.