நான்கு நாளுக்கு ஒருமுறை எலி ஏன் இப்படி ஓடுகிறது?

கே: எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெண் எலி நான்கு நாளுக்கு ஒருமுறை விடிய விடிய ஓடுகிறது. மற்ற இரவுகளில் சோர்ந்து கிடக்கிறது. கூண்டிலுள்ள ஓடுசக்கரத்தின் சுற்றுகளைக் கணக்கிடும் எண்ணியில் கோளாறா?

ப: எண்ணி நன்றாகத்தான் இருக்கிறது. எலியின் இனப்பெருக்கப் பருவச் சுழற்சி நான்கைந்து நாள்தான். சினைமுட்டை வெளியேறும் தறுவாயில், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் உச்சத்தைத் தொடும். அதையொட்டிய இரவில் ஓட்டமும் உச்சம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கர்ட் ரிக்டரின் ஆய்வகத்தில் பணியாற்றிய வாங் 1923-இலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். சினைப்பைகளை அகற்றினால் ஓட்டம் சரியும், ஏற்ற இறக்கமும் மறையும். ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான எஸ்ட்ராடையால் கொடுத்தால் ஓட்டம் மீளும். உங்கள் ஆய்வு வேறு எதைப் பற்றியதாக இருந்தாலும், யோனியிலிருந்து அணுக்களை ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து (யோனிப் பூச்சு) பருவநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேறுபாட்டுக்குப் பயந்து ஆண் எலிகளை மட்டும் வைத்து ஆய்வை முடித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

கே: ஆண் எலியை ஓட வைப்பது டெஸ்டோஸ்டிரோன்தானே?

ப: பாதி சரி. விரைநீக்கம் செய்த எலி குறைவாக ஓடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினால் மறுபடி ஓடுகிறது. பாடநூல் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடும். சுவையான பகுதி இதற்குப் பிறகுதான். உடலிலும் மூளையிலும் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை எஸ்ட்ராடையாலாக மாற்றுகிறது. அப்படி மாற முடியாத ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன்) ஒன்று உண்டு: டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன். விரைநீக்கிய எலிகளுக்கு அதைக் கொடுத்தால் ஓட்டம் மீளவில்லை. எஸ்ட்ராடையால் கொடுத்தால் மீண்டது. ராய், வேட் இருவரும் 1975-இல் வெளியிட்ட முடிவு இது. பின்னாளில் அரோமட்டேஸ் மரபணு இல்லாமல் உருவாக்கப்பட்ட சுண்டெலிகளும் மந்தமாகவே இருந்தன, கொழுப்பும் சேர்ந்தது. ஆக, ஆண் எலியின் சுறுசுறுப்பிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘ஆண் ஹார்மோன்’, ‘பெண் ஹார்மோன்’ என்று பிரித்துப் பேசுகிறவர்களிடம் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்தச் சோதனையைத்தான்.

கே: ஈஸ்ட்ரோஜன் தசையில் வேலை செய்கிறதா, மூளையிலா?

ப: ஓடும் ஆசையைப் பொறுத்தவரை முக்கியமாக மூளையில். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் மிகச் சிறிய அளவு எஸ்ட்ராடையாலை வைத்தாலே எலி கூடுதலாக ஓடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் (அந்த ஹார்மோன் வந்து ஒட்டிச் செயல்படும் புரதங்களில்) ஆல்ஃபா வகை இல்லாத சுண்டெலிகளிடம் அந்த விளைவு தோன்றுவதில்லை. 2021-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இன்னொரு கண்ணியைக் காட்டினார்கள். ஹைப்போதலாமஸின் கீழ்நடுப் பகுதியிலுள்ள சில நரம்பணுக்களில் எம்சி4ஆர் என்ற ஏற்பியின் மரபணுவை ஈஸ்ட்ரோஜன் முடுக்கிவிடுகிறது. அதனால் பெண் சுண்டெலியின் நடமாட்டம் கூடுகிறது.

கே: சினையான எலி ஏன் சக்கரத்தின் பக்கமே போவதில்லை?

ப: காரணம், சினைக்காலத்தில் மிகுதியாகச் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் தூண்டும் ஓட்டத்தை அது அடக்கிவிடும். கரு இல்லாமலே உடல் சினையானதுபோல் நடந்துகொள்ளும் பொய்ச்சினையிலும் இதே கதைதான்.

கே: நான் வளர்க்கும் பெண் ஹாம்ஸ்டர் சில நாள் வழக்கத்தைவிட முன்கூட்டியே எழுந்து ஓடத் தொடங்குகிறது. நோயா?

ப: நன்றாகத் தின்கிறது என்றால் கவலை வேண்டாம். ஹாம்ஸ்டருக்கும் நான்கு நாள் சுழற்சிதான். அதன் உள்கடிகாரத்தின் சுற்றையே ஈஸ்ட்ரோஜன் சற்றுக் குறுக்குகிறது என்று 1977-இல் காட்டப்பட்டது. அதனால் பருவத்துக்கு வரும் நாளில் ஓட்டம் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கும்.

கே: மாதவிடாய் நின்றபின் எனக்கு எடை கூடிவிட்டது, நடக்கவும் மனம் வரவில்லை. எலிக்கு நடப்பதுதான் எனக்கும் நடக்கிறதா?

ப: சினைப்பை அகற்றிய எலி அதிகம் தின்று, குறைவாக நகர்ந்து, எடை கூடுவது உண்மை. ஆனால் கூண்டிலிருக்கும் எலிக்கு மூட்டுவலி, தூக்கமின்மை, அலுவலகம், சமையல் எதுவும் இல்லை. உங்கள் விஷயத்தில் இவை அனைத்தும் சேர்கின்றன. எலிச் சோதனையை நம்பி ஹார்மோன் மாத்திரை தொடங்காதீர்கள். அது மருத்துவர் உங்களைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டியது. தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கே: கூண்டில் அடைபட்ட சலிப்பில்தானே எலி சக்கரத்தில் ஓடுகிறது?

ப: சலிப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. நெதர்லாந்தின் லைடன் ஆய்வாளர்கள் திறந்தவெளியில் சக்கரம் வைத்துப் படம்பிடித்து 2014-இல் வெளியிட்டார்கள். காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. தவளைகளும் ஓடில்லா நத்தைகளும்கூட ஏறிப் பார்த்தன.