தினமும் 200 கிரஞ்ச் போட்டும் சிக்ஸ் பேக் தெரியவில்லையே, ஏன்?

வயிற்றுத் தசை இல்லாததால் அல்ல, அதன் மேல் கொழுப்பு மூடியிருப்பதால். மல்லாந்து படுத்து மேலுடலைச் சுருட்டி எழுப்பும் கிரஞ்ச் அந்தக் கொழுப்பைத் தொடாது. எந்த இடத்துத் தசைக்கு வேலை கொடுக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பது ஜிம்களில் இன்னும் சாகாத நம்பிக்கை. கொழுப்பை எங்கிருந்து முதலில் எடுப்பது என்பதை மரபணுவும் ஹார்மோனும் தீர்மானிக்கின்றன. பெரும்பாலான ஆண்களுக்கு அடிவயிறுதான் கடைசி.

அதனால் உடற்பயிற்சிக்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஆண்களுக்கு உடல் கொழுப்பு சுமார் 10-12 சதவீதத்துக்கு வரும்போதும், பெண்களுக்கு 17-20 சதவீதத்துக்கு வரும்போதும் வயிற்றில் கோடுகள் தெளிவாகத் தெரியத் தொடங்கும். எடை 80 கிலோ, கொழுப்பு 22 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு மட்டும் 17.6 கிலோ, மீதி 62.4 கிலோ. இந்த 62.4 குறையாமல் 12 சதவீதத்துக்கு வர வேண்டுமானால் எடை சுமார் 71 கிலோ ஆக வேண்டும். அதாவது 9 கிலோ கொழுப்பு போக வேண்டும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி. தினமும் 500 கலோரி குறைத்தால் கிட்டத்தட்ட 20 வாரம். "30 நாளில் சிக்ஸ் பேக்" வீடியோக்களில் வருபவர் 14 சதவீதத்தில் இருந்து தொடங்கியவராக இருப்பார்.

உணவில் குறைப்பதை 300-500 கலோரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் இறங்கினால் போதும். அதைவிட வேகமாக இறக்கினால் கொழுப்போடு தசையும் போய்விடும்; எடை குறையும், வயிறு மட்டும் தட்டையாக, கோடே இல்லாமல் நிற்கும். தசையைக் காப்பாற்ற இரண்டு வேண்டும்: ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 முதல் 2.2 கிராம் புரோட்டீன், வாரம் மூன்று நாளாவது முழு உடம்புக்கும் எடைப் பயிற்சி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரோட்டீன் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கணக்கு எங்கே கசிகிறது என்று தேடினால் பெரும்பாலும் எண்ணெயில்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. கண் அளவில் ஊற்றினால் நான்கு கரண்டி எப்போது போனது என்றே தெரியாது. பானங்களும், வார இறுதியில் சாப்பிடுவதும் அடுத்த ஓட்டைகள்.

இனி வயிற்றுப் பயிற்சி. 200 கிரஞ்ச் போட முடிகிறது என்றால் அது தசைக்கு மிகவும் லேசாக இருக்கிறது என்று அர்த்தம். மார்புக்கும் காலுக்கும் செய்வது போலவே வயிற்றுக்கும் எடையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், ஒரு நாளைக்கு இரண்டே பயிற்சி, ஒவ்வொன்றிலும் 3 செட், செட்டுக்கு 8-15 முறை. கேபிள் கிரஞ்ச் (ஜிம் கருவியில் எடை இணைத்த கேபிளைப் பிடித்தபடி மண்டியிட்டு மேலுடலைச் சுருட்டுவது) ஒன்று, கம்பியில் தொங்கிக்கொண்டு கால் தூக்குவது ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 15 முறை சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள்.

இரண்டையும் தவறாகச் செய்பவர்களே அதிகம். தொங்கிக் கால் தூக்கும்போது கால் மட்டும் மேலே வந்து இடுப்பெலும்பு அப்படியே நின்றால், வேலை பெரும்பாலும் தொடையின் மேல்பகுதித் தசைகளுக்கே போகிறது. இடுப்பே சுருண்டு தொப்புளை நோக்கி எழ வேண்டும். முழங்காலை மடக்கிக்கொண்டாலும் பரவாயில்லை. ஊஞ்சல் ஆடக் கூடாது. கேபிள் கிரஞ்சில் இடுப்பை மடக்கிக் குனிவதால் பலன் இல்லை. இடுப்பை அசைக்காமல், விலா எலும்பை அடிவயிற்றை நோக்கி இறக்கி முதுகைச் சுருட்ட வேண்டும், மூச்சை வெளியே விட்டபடி. முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராகப் பிடிக்கும் பிளாங்கில் கீழ்முதுகு குழிந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிடம் தொய்ந்து நிற்பதைவிட 30 விநாடி இறுக்கிப் பிடிப்பது மேல்.

வியர்க்க வைக்க வயிற்றில் கட்டும் வியர்வை பெல்ட் பற்றி ஒரு வரி: போவது தண்ணீர், குடித்ததும் திரும்பி வரும்.

முன்னேற்றத்தைப் பார்க்க, காலையில் கழிவறை போய்வந்த பின் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணைவிட ஏழு நாள் சராசரிதான் முக்கியம். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து வாரம் ஒரு முறை அளவெடுங்கள். எடை பார்க்கும் கருவி காட்டும் கொழுப்புச் சதவீதம் உடலில் நீர் ஏற இறங்க மாறும், அதை நம்பி டயட்டை மாற்றாதீர்கள். சராசரியும் இடுப்பளவும் மூன்று வாரம் அசையவில்லை என்றால் மட்டும் 100-150 கலோரி குறையுங்கள், அல்லது தினசரி நடையில் 2,000 காலடி கூட்டுங்கள். மாதவிடாய் சுழற்சியில் நீர் தேங்குவதால் பெண்கள் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

எத்தனை பேக் என்பது உங்கள் கையில் இல்லை. தசையைக் குறுக்கே பிரிக்கும் நார்ப்பட்டைகளின் எண்ணிக்கையும் இடமும் பிறவியிலேயே அமைந்தவை. சிலருக்கு நான்கு, சிலருக்கு எட்டு. வலமும் இடமும் சமமாக இல்லாமலும் இருக்கும். எந்தப் பயிற்சியும் அதை மாற்றாது.

கொழுப்பு இறங்கும்போது மாதவிடாய் நின்றுபோனால் உணவைக் கூட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் எழும்போது நடுவயிறு கூம்பு போலப் புடைத்தால், வயிற்றுத் தசை இரண்டு பக்கமாக விலகியிருக்கலாம். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்லும்வரை கிரஞ்சும் கால் தூக்குவதும் வேண்டாம்.