போர் விமானியின் மார்பில் உள்ள பதக்கங்கள்: கேள்வி பதில்

இந்திய விமானப்படையில் தரைப்பணியாளராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். போர்க்கால விருதுகளுக்கான தகுதியுரைகளை (விருது எதற்காகத் தரப்படுகிறது என்று கூறும் குறிப்புகளை) அரசிதழிலிருந்து தேடிப் படித்துக் குறிப்பெடுப்பது என் நெடுநாள் வழக்கம். போர் விமானிகள் பெற்ற பதக்கங்களைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: பரம் வீர், மகா வீர், வீர் சக்ராக்களுக்கு இடையே என்ன வேறுபாடு? விமானப்படைக்கென்று தனி விருது இல்லையா?

இம்மூன்று சக்ராக்களும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தவை. தரை, கடல், வான் ஆகிய முப்படைகளுக்கும் இவை பொது. மூன்றின் விதிகளிலும் வரும் 'எதிரியின் முன்னிலையில்' என்ற சொற்றொடரை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எதிரி எதிரே இருந்தபோது காட்டிய துணிவுக்கே இவை உரியவை. அந்தத் துணிவின் அளவைப் பொறுத்து வரிசை அமைகிறது. பரம் வீர் சக்ரா வெண்கலத்தால் ஆனது, அதன் நாடா முழுவதும் ஊதா நிறம். மற்ற இரண்டும் வெள்ளி. மகா வீர் சக்ராவின் நாடாவில் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ராவின் நாடாவில் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. சீருடையில் பதக்கம் இல்லாமல் நாடாத் துண்டு மட்டும் இருக்கும் நாள்களில், இந்த நிறங்களைக் கொண்டுதான் ஒருவரை நாங்கள் அடையாளம் கண்டுகொள்வோம்.

விமானப்படைக்கென்று தனியாக 1960-இல் வாயு சேனா பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. சாம்பல், ஆரஞ்சு நிறங்களில் சாய்கோடுகள் கொண்ட நாடா அதற்கு உண்டு.

கேள்வி: இத்தனை முறை பறந்தால் இந்தப் பதக்கம் என்று கணக்கு ஏதும் உண்டா?

இந்திய வீர விருதுகளில் அப்படி இல்லை. இந்த எண்ணம் அமெரிக்க முறையிலிருந்து வந்திருக்க வேண்டும். 1942-இல் அமெரிக்கா நிறுவிய ஏர் மெடலை, இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனி மீது குண்டுவீசச் சென்ற அவர்களது எட்டாம் விமானப்படை, ஐந்து தாக்குதல் பயணங்களை முடித்தவருக்கு ஒன்று என்ற கணக்கில் வழங்கியது. 25 பயணங்களை முடித்தவர்கள் பலருக்கு டிஸ்டிங்விஷ்ட் பிளையிங் கிராஸ் கிடைத்தது. இதை மலிவான முறை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு பயணத்திலும் பக்கத்து விமானம் தீப்பற்றி விழுவதைப் பார்த்துவிட்டு மறுநாளும் ஏறியவர்களுக்கு, எண்ணிக்கையே துணிவின் அளவுகோல்தான்.

நம் முறையில் குறிப்பிட்ட ஒரு செயலுக்காகவோ, போர் முழுவதும் காட்டிய தலைமைக்காகவோ தகுதியுரை எழுதப்படுகிறது. அதில் பயணங்களின் எண்ணிக்கை வரலாம்; ஆனால் அதுவே தகுதி ஆகிவிடாது.

கேள்வி: தரையில் நடக்கும் சண்டையை உடன் நின்றவர்கள் பார்க்கிறார்கள். வானில் தனியாகப் பறப்பவர் செய்ததை யார் சரிபார்ப்பது?

விமானியின் விருதுக்கும் மற்றவர்களின் விருதுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டையே தொட்டுவிட்டீர்கள். பரிந்துரையை முதலில் எழுதுபவர் படையணியின் கட்டளை அதிகாரி. அது மேல்நிலைத் தலைமையகங்களையும் பாதுகாப்பு அமைச்சகத்தையும் கடந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று அரசிதழில் வெளியாகிறது. துப்பாக்கி சுடும்போது தானாகவே ஓடும் கன் கேமராவின் படச்சுருள், இணையாகப் பறந்தவரின் வாக்குமூலம், ரேடார் அறையின் குறிப்பு ஆகியவைதான் சாட்சிகள். இருந்தும் சர்ச்சை ஓய்வதில்லை. பாகிஸ்தானுடனான போரில் 1965 செப்டம்பர் 3 அன்று அந்நாட்டின் சேபர் போர் விமானம் ஒன்றைச் சுட்டதற்காக ஸ்குவாட்ரன் லீடர் டிரெவர் கீலருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. அந்த விமானம் சேதத்துடன் தளம் திரும்பிவிட்டது என்று பாகிஸ்தான் தரப்பு கூறுகிறது.

சாட்சியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யாவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். குடகைச் சேர்ந்த அவர் 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்கச் சென்ற மிஸ்டியர் போர் விமானங்களின் அணியில் மாற்று விமானியாகக் காத்திருந்தவர். முதன்மை அணியில் ஒருவர் விலக நேர்ந்ததால் அவ்விடத்தில் சேர்ந்துகொண்டார். தாக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானம் ஒன்று அவரைத் துரத்திச் சுட்டது. அடிபட்ட விமானத்தோடு தப்ப முயல்வதை விட்டு அவர் திரும்பி நின்று போரிட்டார். வேகத்தில் வெகுவாகப் பின்தங்கிய மிஸ்டியரின் குண்டுகள் ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தின. அதன் விமானி அம்ஜத் ஹுசைன் குதித்து உயிர் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை. எரிபொருள் எல்லைக்கோட்டில் இருந்த பயணம் அது. திரும்பிப் போரிட்டால் வீடு சேர எரிபொருள் மிஞ்சாது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

அணியில் இருந்த ஒருவர்கூட அந்தச் சண்டையைப் பார்க்கவில்லை. இந்தியப் பதிவுகளில் அவர் காணாமற்போனவராகவே இருந்தார். ஸ்டார்ஃபைட்டர் எப்படி விழுந்தது என்ற செய்தி பாகிஸ்தான் தரப்பிலிருந்தே பல ஆண்டுகள் கழித்து வெளிவந்து, இங்குள்ள பதிவுகளோடு ஒப்பிடப்பட்டு, 1988-இல்தான் அவருக்கு மறைவுக்குப் பிந்தைய மகா வீர் சக்ரா வழங்கப்பட்டது. இடையில் 23 ஆண்டுகள். கணவருக்கு என்ன நேர்ந்தது என்றே அறியாமல் அவருடைய மனைவி அத்தனை காலமும் காத்திருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அவரைச் சுட்டவரின் நாட்டிலிருந்து அவருக்கான சாட்சி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

கேள்வி: விமானப்படைக்கு ஒரே ஒரு பரம் வீர் சக்ராதான் என்பது உண்மையா?

உண்மை. இதுவரை வழங்கப்பட்ட 21 பரம் வீர் சக்ராக்களில் ஒன்று மட்டுமே விமானப்படைக்கு உரியது. அதைப் பெற்றவர் பிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகான். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைப் பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்கள் தாக்கின. ஓடுதளத்தில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே அவர் தம் சிறிய நாட் விமானத்தில் மேலெழுந்தார். முன்னால் பறந்த தலைமை விமானி பனிமூட்டத்தில் பார்வையிலிருந்து மறைந்துவிட, செகான் தனித்தே போரிட நேர்ந்தது. மர உச்சிகளின் உயரத்தில் நடந்த அந்தச் சண்டையில் எண்ணிக்கையின் வலுவால்தான் அவர் வீழ்த்தப்பட்டார் என்று தகுதியுரை பதிவு செய்கிறது. தேவய்யாவுக்கு வாய்க்காத ஒன்று இவருக்கு வாய்த்தது. சண்டை தளத்துக்கு அருகிலேயே நடந்தது, வானொலியில் அவர் குரலைத் தரையில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை.

கேள்வி: சண்டை விமானம் ஓட்டுபவர்களுக்குத்தான் இவை கிடைக்கும்போல் தெரிகிறதே?

அப்படி நினைப்பது பெரும் பிழை. 1948 மே மாதம் லே பள்ளத்தாக்கில் முதன்முதலாக டகோட்டா சரக்கு விமானத்தை இறக்கியவர் ஏர் கமோடர் மெஹர் சிங். பதினோராயிரம் அடிக்கு மேல் ஆற்றங்கரை மணலில் அமைந்த ஓடுதளம் அது. வழிகாட்டும் வரைபடமும் கிடையாது, பனியை உருக்கும் கருவியும் கிடையாது. பின்னிருக்கையில் ஜெனரல் திம்மய்யா. மெஹர் சிங்கின் மகா வீர் சக்ரா முழுக்க முழுக்கச் சரக்கு விமானம் ஓட்டிப் பெற்றது. 1971-இல் ஏஎன்-12 சரக்கு விமானங்களில் குண்டுகளை ஏற்றி இரவில் தாக்கச் சென்ற படையணியின் தலைவர் விங் கமாண்டர் வசிஷ்டும் அதே விருதைப் பெற்றார். கான்பெரா குண்டுவீச்சு விமானங்களில் வழிகாட்டிகளாகப் பறந்தவர்களும் வீர் சக்ரா பெற்றிருக்கிறார்கள்.

கேள்வி: ஒரே விருதை ஒருவர் இரண்டு முறை பெற முடியுமா?

முடியும். இரண்டாம் முறை புதிய பதக்கம் தருவதில்லை. நாடாவில் ஒரு பட்டை சேர்க்கப்படும். நாடாத் துண்டை மட்டும் அணியும்போது அதன் மேல் சக்ராவின் சிற்றுருவம் ஒன்று இருக்கும். விமானப்படையில் மகா வீர் சக்ராவை இரு முறை பெற்றவர்கள் ஜக் மோகன் நாத், பத்மநாப கௌதம் என்ற இருவர். இருவருமே கான்பெரா விமானிகள். நாத் ஓட்டியது ஆயுதமே இல்லாத, புகைப்படம் எடுக்கும் விமானம். 1962 போரை ஒட்டித் திபெத்தின் மேலும், 1965-இல் பாகிஸ்தானின் மேலும் பறந்து படம் எடுத்து வந்தார். திருப்பிச் சுட வழியே இல்லாத விமானத்தில் எதிரி நாட்டின் மேல் போய்வருவது எவ்வகைத் துணிவு என்பதை நான் இன்னும் முழுதாக விளங்கிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: நம் தமிழ்நாட்டு அபிநந்தன் வர்த்தமானுக்கு எதற்காக வீர் சக்ரா?

2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானுடன் நடந்த வான்சண்டையில் மிக்-21 பைசன் விமானத்தில் சென்று அந்நாட்டின் எஃப்-16 விமானம் ஒன்றை வீழ்த்தியதாகவும், பிடிபட்ட பின்னும் உறுதி குலையாமல் இருந்ததாகவும் அவருடைய தகுதியுரை கூறுகிறது. எஃப்-16 எதையும் இழக்கவில்லை என்பது பாகிஸ்தானின் நிலை. விருது அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு ஆகஸ்டில். குடியரசுத் தலைவரின் கையால் பெற்றது 2021 நவம்பர் 22-இல். அன்றைய சண்டையைத் தரையிலிருந்து ரேடார் திரை வழியே நெறிப்படுத்திய ஸ்குவாட்ரன் லீடர் மின்டி அகர்வாலுக்கு யுத்த சேவா பதக்கம் வழங்கப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: போர் இல்லாத காலத்தில் உயிரைப் பணயம் வைக்கும் விமானிக்கு?

அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா என்ற வரிசை அதற்காகவே உள்ளது. 1952-இல் மூத்த ராணுவத் தளபதிகளை ஏற்றிச் சென்ற டெவன் விமானம் நடுவானில் தீப்பற்றியபோது, அதை வயலில் இறக்கி அனைவரையும் காப்பாற்றிய பிளைட் லெப்டினன்ட் சுஹாஸ் பிஸ்வாஸ்தான் விமானப்படையின் முதல் அசோக சக்ரா. டிரெவர் கீலரின் அண்ணன் டென்சில் கீலர் இரு வரிசையிலும் விருது பெற்றவர்: போருக்கு வீர் சக்ரா, பின்னாளில் கீர்த்தி சக்ரா.

கேள்வி: பணம் ஏதும் தருவார்களா?

மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. 2017 ஆகஸ்டில் உயர்த்தப்பட்டபோது பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், மகா வீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000, வீரத்துக்கான வாயு சேனா பதக்கத்துக்கு 2,000 என்று இருந்தது.

கேள்வி: என் தாத்தா 1971 போரின்போது விமானப்படையில் இருந்தவர். அவர் மறைந்தபின் தகரப்பெட்டியில் ஐந்து பதக்கங்கள் கிடைத்தன. ஒன்று நட்சத்திர வடிவம். அது வீர் சக்ராவா?

அனேகமாக இல்லை, அம்மா. வீர் சக்ரா வட்டமான வெள்ளிப் பதக்கம். ஐந்து முனை நட்சத்திரம் அதன் முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கும். பதக்கமே நட்சத்திரமாக வெட்டப்பட்டு, செம்பு கலந்த மங்கிய நிறத்தில் இருந்தால், அது மேற்குக் களத்தில் பணியாற்றியவர்களுக்கான பஸ்சிமி ஸ்டார் அல்லது கிழக்குக் களத்துக்கான பூர்வி ஸ்டார். உடன் இருப்பவற்றில் சங்கிராம் பதக்கமும், 1972-இல் பணியில் இருந்தோர் அனைவருக்கும் வழங்கப்பட்ட சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கமும் இருக்கக்கூடும். இவை வீர விருதுகள் அல்ல. அந்தக் களத்தில் அவர் இருந்தார் என்பதற்கான சான்றுகள்.

பளபளப்பாக்க வேண்டும் என்று புளியோ பாலீஷோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியை மட்டும் துடைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நாடாவின் சாயம் வெளிச்சத்தில் விரைவில் வெளுத்துவிடும். பிறகு ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் விளிம்பையும் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சிறிய எழுத்துகளில் அவருடைய சேவை எண்ணும் பெயரும் இருக்கலாம். அந்த எண் கிடைத்தால் அதைக் குறிப்பிட்டு விமானப்படையின் ஆவணப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள்.