மன்றோ சிலைக்கு அங்கவடி எங்கே?

கேள்வி: சென்னை தீவுத்திடல் பக்கம் இருக்கும் கவர்னர் மன்றோவின் குதிரைச் சிலையில் அங்கவடி (குதிரையில் உட்கார்ந்திருப்பவர் காலை ஊன்றும் வளையம்) வைக்க மறந்துவிட்ட சிற்பி, அவமானம் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டார் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், சிந்தாதிரிப்பேட்டை)

பதில்: இல்லவே இல்லை. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஒரு நல்ல தொழில்காரரின் பெயரை அநியாயமாகக் கெடுக்கிற கதை இது. சிலையைச் செய்தவர் ஃபிரான்சிஸ் சான்ட்ரி. 1841 நவம்பர் 25 அன்று லண்டனில் தன் வீட்டிலேயே இதயக் கோளாறால் திடீரென்று இறந்தார், வயது 60. மன்றோ சிலை இங்கே நிறுவப்பட்டது 1839-ல்.

சரி, அங்கவடி? லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலை இருக்கிறது, அதுவும் சான்ட்ரி செய்ததுதான். அதிலும் அங்கவடி கிடையாது, சேணமும் கிடையாது. அதே ஊரில் ராயல் எக்ஸ்சேஞ்ச் முன்னால் வெல்லிங்டன் சிலை, சான்ட்ரி ஆரம்பித்து, அவர் இறந்த பிறகு உதவியாளர் ஹென்றி வீக்ஸ் முடித்து 1844-ல் வைத்தது, அதிலும் அங்கவடி கிடையாது. ஒரே ஆள் மூன்று தடவை மறப்பாரா? பழைய ரோமானியர்களுக்கு அங்கவடியே தெரியாது. ரோமில் இருக்கும் பேரரசர் மார்கஸ் அரேலியஸின் குதிரைச் சிலையைப் பாருங்கள், கால் சும்மா தொங்கும். அந்தக் கம்பீரத்தைத்தான் சான்ட்ரி வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். அடுத்த முறை பஸ்ஸில் அண்ணா சாலை வழியாகப் போகும்போது மன்றோவின் காலைக் கவனியுங்கள்: எதிலும் ஊன்றவில்லை, ஆனாலும் முதுகு கொஞ்சம்கூட வளையவில்லை. அங்கவடி இருந்திருந்தால் இது நம் கண்ணில் பட்டிருக்காது.

கேள்வி: மன்றோ சிற்பியின் முன்னால் உட்கார்ந்து போஸ் கொடுத்தாரா? சிற்பி எப்படி வேலை செய்வார்? (வாசகி, மதுரை)

பதில்: கவர்னராக இருந்த மன்றோ 1827-ல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனார், அதற்கப்புறம்தான் மக்களிடம் பணம் திரட்டி சிலைக்கு ஏற்பாடு செய்தார்கள், ஆக எதிரே உட்கார வைக்க ஆள் இல்லை. சிலை லண்டனில் வெண்கலத்தில் வார்க்கப்பட்டு கப்பலில் இங்கே வந்தது. உயிரோடு இருப்பவர் என்றால் சான்ட்ரியின் முறை வேறு. கேமரா லூசிடா என்று ஒரு சின்னக் கருவி, அதில் உள்ள கண்ணாடிப் பட்டகம் வழியாகப் பார்த்தால் எதிரே இருப்பவரின் முகம் காகிதத்தின் மேல் விழுந்த மாதிரித் தெரியும். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வார். அப்புறம் களிமண்ணில் உருவம், அதிலிருந்து சுண்ண அச்சு, பிறகு உதவியாளர்கள் பளிங்கைக் கொத்துவார்கள். முகம் செய்யும்போது எதிரில் இருப்பவரிடம் ஓயாமல் பேச்சுக் கொடுப்பாராம், பேசுகிற முகம்தான் அவருக்கு வேண்டும். ஷெஃபீல்டு அருகே நார்ட்டன் கிராமத்தில் தச்சர் மகனாகப் பிறந்து, 12 வயதில் அப்பாவை இழந்து, மளிகைக் கடையில் சேரப் போனவர், மரச் செதுக்கு வேலை செய்பவர் ஒருவரிடம் தொழில் பழகி இந்த இடத்துக்கு வந்தார்.

கேள்வி: அவர் செய்ததிலேயே உங்களுக்குப் பிடித்தது? (வாசகர், திருச்சி)

பதில்: குதிரைச் சிலை எதுவும் இல்லை. இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு தேவாலயத்தில் இருக்கும் ‘உறங்கும் குழந்தைகள்’தான், 1817-ல் வைத்தது. பாதிரியாரான கணவரை இழந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு மகள்கள். ஒருத்தி உடையில் தீப்பிடித்து இறந்தாள், சீக்கிரமே மற்றவள் நோயில் போனாள். அவர்கள் ஒருவரையொருவர் அணைத்துத் தூங்குவதைப் பார்த்திருந்த அந்தத் தாய் அப்படியே செய்து தரும்படி கேட்டார். பளிங்கு மெத்தை இரண்டு பேரின் எடைக்கும் அமுங்கியிருக்கிறது. சின்னவள் கையில் ஒரு கொத்துப் பனித்துளிப் பூ, தூக்கத்தில் பிடி தளர்ந்து கீழே விழப்போகிற மாதிரி. லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்தபோது கூட்டம் நெருக்கியடித்தது, தாய்மார்கள் அழுதார்கள்.

உங்கள் ஊருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1826-ல் திருச்சியில் இறந்த பிஷப் ஹீபருக்கு நினைவுச் சிற்பம் செய்தவர் இதே சான்ட்ரி. சென்னை கதீட்ரல் சாலையில் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்துக்குள் இருக்கிறது. மன்றோவை அண்ணாந்துதான் பார்க்க முடியும், இதைக் கிட்டப் போய் நின்றே பார்க்கலாம்.